ஒன்பதாவது கேள்வி

இன்ஷிராஹ் டீச்சர் அடுப்பை அணைத்த பிறகும் சிலிண்டர் வால்வைத் திருகிப் பார்ப்பாள். படியிறங்கிப் பாதி தூரம் போன பிறகு சந்தேகம் வந்து, மூச்சிரைக்க மறுபடி ஏறிவந்து இன்னொரு தரம் பார்ப்பாள். குவைத்தில் இருபத்திரண்டு வருடம் பெண்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். கூட வேலை பார்த்தவர்கள் ஷேர், தங்கம், கோழிப்பண்ணை என்று கையிலிருந்ததைப் போட்டார்கள்; சிலர் கொழித்தார்கள், பலர் அழுதார்கள். இவள் கொழிக்கவும் இல்லை, அழவும் இல்லை. வந்த மாப்பிள்ளைகள் மூன்று பேரிடமும் ஏதோ ஓர் ஆபத்து தெரிந்ததால் கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

"எங்க அக்கா ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போறதுக்குள்ள நைல் தண்ணி கடல்ல போய்ச் சேர்ந்துடும்" என்று தம்பி ரஃபத் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அவளைவிட ஒன்பது வயது இளையவன். அவனை இன்ஜினியருக்குப் படிக்கவைத்தது அவளுடைய குவைத் சம்பளம்தான். அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஓய்வு பெற்று கெய்ரோவுக்குத் திரும்பியபோது அவள் கையில் பன்னிரண்டு லட்சம் எகிப்து பவுண்டு இருந்தது. ஷுப்ராவில் ஒரு வாடகை வீட்டில் குடியேறினாள். வீட்டுக்காரர் வருடத்துக்கு வருடம் ஒப்பந்தம் போடுகிறவர். வருடத்துக்கு வருடம் வாடகையும் ஏறும். அவள் வேண்டியது ஒன்றே ஒன்று. "சாகும்போது என் தலைமாட்டுல இருக்கற சுவர் என்னோடதா இருக்கணும் ரஃபத். அவ்வளவுதான்."

அவனே ஒரு கட்டுமானக் கம்பெனியின் விற்பனை அலுவலகத்துக்கு அவளை அழைத்துப்போனான். யாரா என்ற பெண், இருபத்தைந்து வயதிருக்கும், தேநீர் கொடுத்துவிட்டு ஒரு படிவத்தை நீட்டினாள். பன்னிரண்டு கேள்விகள், கேள்விக்கு ஐந்து மதிப்பெண். யாருக்கு எவ்வளவு ஆபத்து தாங்கும் என்று பார்த்துத்தான் வீடு காட்டுவார்களாம். இருபத்தைந்துக்குக் கீழே வந்தால் கட்டி முடித்துச் சாவி தயாராக இருக்கும் வீடு மட்டும். நாற்பத்தைந்துக்கு மேலே போனால் அஸ்திவாரம் தோண்டும்போதே வாங்கலாம். விலை பாதி, காத்திருப்பு நெடுசு, கட்டினால் கொள்ளை லாபம், கட்டாவிட்டால் மணல்.

"பரீட்சையா?" என்றாள் இன்ஷிராஹ். இருபத்திரண்டு வருடம் பரீட்சை வைத்தவளுக்கு உள்ளங்கை வேர்த்தது.

"இதுல ஃபெயிலே கிடையாது டீச்சர். மனசுல இருக்கறதை எழுதுங்க, போதும்."

விலை மூன்றில் ஒரு பங்கு விழுந்தால் என்ன செய்வீர்கள்? தூக்கம் போய்விடும். எத்தனை வருடம் காத்திருக்க முடியும்? ஒன்று. அதிக லாபத்துக்காக முதலில் எவ்வளவு இழக்கலாம்? ஒரு பவுண்டும் கூடாது. ரஃபத் பக்கத்தில் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா, இது வீடு வாங்கற படிவமா, வாபஸ் வாங்கற படிவமா?"

ஒன்பதாவது கேள்விக்கு மட்டும் கட்டம் இல்லை, கோடு போட்டு எழுத இடம் விட்டிருந்தார்கள். 'எல்லாம் போய்விட்டால் உங்களைத் தாங்க யார் இருக்கிறார்கள்?' அதற்கு மட்டும் அவள் யோசிக்கவே இல்லை. 'என் தம்பி இருக்கிறான்' என்று அழகான கையெழுத்தில் எழுதினாள். யாரா படித்துவிட்டுச் சிரித்து, அதற்கு ஐந்துக்கு ஐந்து போட்டாள். மொத்தம் பத்தொன்பது. படிவத்தின் நகலை இன்ஷிராஹ் கேட்டு வாங்கி, குவைத்திலிருந்து கொண்டுவந்த பிஸ்கட் டப்பாவில், பாஸ்போர்ட்டுக்கு அடியில் வைத்தாள். கேஸ் ரசீதைக்கூட எறியாத பெண் அவள்.

பத்தொன்பதுக்கு யாரா காட்டிய வீடு நஸ்ர் சிட்டியில் மூன்றாம் மாடி. இரண்டு அறை. சமையலறைச் சுவரில் குழாய்க்கு மேலே ஒரு நீல ஓடு குறுக்கே விரிசல் விட்டிருந்தது. பால்கனிக்கு நேர் எதிரே பெண்கள் பள்ளிக்கூடம். அவர்கள் நின்றுகொண்டிருந்தபோது மணி அடித்தது, முந்நூறு பிள்ளைகள் ஒரே கூச்சலோடு முற்றத்தில் கொட்டினார்கள். ரஃபத் காதைப் பொத்திக்கொண்டான். இன்ஷிராஹ் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எந்த வகுப்பு எந்த வரிசையில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொருளை இரண்டாம் தரம் சரிபார்க்காமல், "இதுதான்" என்றாள்.

மறுவாரம் ரஃபத் தொங்கிய முகத்தோடு வந்தான்.

"வித்துப்போச்சு அக்கா. நீ நாலு நாள் யோசிக்கணும்னு சொன்னே இல்ல, எவனோ ஒருத்தன் முழுப்பணத்தோட வந்து தூக்கிட்டான்."

அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். நாலு நாள் அவள் யோசிக்கவில்லை, வங்கியிலிருந்து பணம் வர நாலு நாள் ஆனது. ஆனாலும் தன் தயக்கம்தான் வீட்டைத் தின்றது என்று நம்பினாள். தயங்குகிறவர்கள் எல்லாத் தப்பையும் தங்கள் கணக்கிலேயே எழுதிக்கொள்வார்கள், அது அவர்களுடைய வியாதி.

ரஃபத்திடம் வேறு யோசனை தயாராக இருந்தது. கிழக்கே புதுநகரத்தில் அதே கம்பெனி கட்டுகிற 'மல்லிகைச் சோலை' என்ற குடியிருப்பு. கட்டடம் முக்கால்வாசி எழும்பிவிட்டதாம், ஒரு வருடத்தில் சாவியாம். பவுண்டு நாளுக்கு நாள் கரைகிறது, கையில் வைத்திருந்தால் பன்னிரண்டு லட்சம் பத்து லட்சமாகிவிடும். முழுப்பணமும் ஒரே தவணையில் கட்டினால் பெரிய தள்ளுபடி.

"எனக்குப் பயமா இருக்குடா."

"நான் இன்ஜினியர். நானே போய்த் தூணைத் தட்டிப் பார்த்தேன். அதுல நஷ்டம் வந்தா என் கழுத்தைப் பிடி. வா, ஃபாத்திஹா ஓதிடலாம்."

அவன் சாப்பாட்டு மேசையில் இரண்டு உள்ளங்கையையும் விரித்தான். அவளும் விரித்தாள். இருவரும் குர்ஆனின் அந்த முதல் அத்தியாயத்தை முணுமுணுத்து முடித்து, கைகளை முகத்தில் தடவிக்கொண்டார்கள். அதோடு விஷயம் முடிந்தது. பெண் பேசி முடிப்பதும் அப்படித்தான், கடையில் கூட்டுச் சேர்வதும் அப்படித்தான். ஃபாத்திஹா ஓதிய பிறகு ஒப்பந்தத்தைக் காட்டு, படித்துப் பார்க்கிறேன் என்று கேட்பது தம்பியின் முகத்தில் காறித் துப்புவதற்குச் சமம். சிலிண்டர் வால்வை மூன்று தரம் திருகிப் பார்க்கிற பெண் அந்தக் காகிதத்தை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. மறுநாளே பத்திரப் பதிவு அலுவலகத்தில் வரிசையில் நின்று, தன் பெயரில் வாங்கவும் கையெழுத்திடவும் அவனுக்குப் பொதுப் பவர் எழுதிக்கொடுத்தாள்.

ஒரு வருடம் போனது, சாவி வரவில்லை. சிமெண்டு விலை ஏறிவிட்டது என்றான் ரஃபத். இரண்டாம் வருடம் இரும்பு விலை ஏறியது. அவள் ஒருநாள் மினி பஸ் பிடித்து, மாறி மாறி இரண்டரை மணி நேரம் பயணம் செய்து மல்லிகைச் சோலைக்குப் போனாள். மல்லிகையும் இல்லை, சோலையும் இல்லை. வேலி போட்ட ஒரு பள்ளம், பள்ளத்தில் துருப்பிடித்த கம்பிகள், வேலிக்கு வெளியே ஒரு காவலாளி, அவனுடைய மூன்று ஆடுகள். "தூணெல்லாம் எங்கேப்பா?" என்று கேட்டாள். "எந்தத் தூண் ஹாஜியம்மா? நான் வந்து மூணு வருஷமாச்சு, இந்தக் கம்பிதான்" என்றான் அவன்.

அப்போதுகூட அவள் தம்பியைச் சந்தேகிக்கவில்லை. கம்பெனிக்காரன் அவனையும் ஏமாற்றிவிட்டான் என்றுதான் நினைத்தாள். பாவம், தூணைத் தட்டிப் பார்த்தேன் என்றானே, வேறு எந்தத் தூணைக் காட்டி ஏமாற்றினார்களோ என்று வழியெல்லாம் அவனுக்காக வருந்திக்கொண்டு வந்தாள். இதைச் சொல்லும்போது எனக்கே எரிச்சலாக வருகிறது. அத்தனை நல்லவளாக இருக்க யாருக்கும் உரிமை கிடையாது.

அந்த வசந்தத்தில் ரஃபத்தின் மகன் ஹாஸிமுக்குக் கல்யாணம் கூடிவந்தது. பெண் வீட்டார் கறாரானவர்கள்; சாவி கையில் இல்லாத மாப்பிள்ளைக்குப் பெண் இல்லை என்று முதல்நாளே சொல்லிவிட்டார்கள். வீடு ஏற்பாடாகிவிட்டது என்றான் ரஃபத். எங்கே என்று அவள் கேட்டபோது, "அந்தப் பக்கம்தான்" என்று கையை வீசினான். பெண்ணின் சீர்சாமான்களை வீட்டில் அடுக்கி உறவுக்காரர்கள் வந்து பார்க்கும் நாளுக்கு அவளை அழைக்கவும் இல்லை. "படி ஜாஸ்தி அக்கா, உன் முட்டிக்கு ஆகாது. கல்யாணத்துக்கு வந்தாப் போதும்."

ஆனால் ஹாஸிமுக்கு அது ஒன்றும் தெரியாது. அவனே காரோடு வந்து வாசலில் நின்றான். "அத்தை, நீங்க வந்து குலவை போடாம என் வீட்டுக்குள்ள ஃப்ரிட்ஜ்கூட நுழையாது. கிளம்புங்க!"

அவள் சர்பத் பாட்டிலும், இரண்டு கிலோ சர்க்கரையும், உறையில் கொஞ்சம் பணமும் எடுத்துக்கொண்டாள். கார் நஸ்ர் சிட்டியில் திரும்பி ஒரு தெருவில் நுழைந்தபோது அவள் கண்ணாடியை இறக்கி வெளியே எட்டிப் பார்த்தாள். மூன்றாம் மாடிக்கு ஏறினாள். வாசலில் பெண் வீட்டுப் பெண்கள் குலவையிட்டார்கள். பட்டுத் திரை, புதுச் சோபா, பிளாஸ்டிக் உறை கழற்றாத மெத்தை. "சமையலறையைப் பாருங்க அத்தை" என்று யாரோ இழுத்துப்போனார்கள். குழாய்க்கு மேலே நீல ஓடு, குறுக்கே விரிசல். அந்த நேரம் எதிர்ப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது.

பால்கனியில் ரஃபத் நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

"எப்போ வாங்கின இதை?"

"அக்கா, இங்க வேண்டாம். பொண்ணு வீட்டுக்காரங்க இருக்காங்க."

"எப்போ வாங்கினேன்னு கேட்டேன்."

"அப்புறம் பேசலாம். உன் காலைத் தொட்டுக் கேட்கறேன், இப்ப சிரி."

அவள் சிரித்தாள். சர்க்கரையை மேசைமேல் வைத்தாள், உறையை மருமகளாகப் போகிறவள் கையில் கொடுத்தாள், அவள் நெற்றியில் முத்தமும் கொடுத்தாள். பிறகு படியிறங்கி, வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டு பக்கமும் பார்க்காமல் சாலையைத் தாண்டினாள்.

மறுநாள் காலை பிஸ்கட் டப்பாவோடு யாராவின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். யாரா கோப்பைத் திறந்தாள். அதில் இன்ஷிராஹ் பெயரில் ஒரு படிவம் இருந்தது. விலை விழுந்தால்? 'இன்னும் வாங்குவேன்.' எத்தனை வருடம் காத்திருப்பீர்கள்? 'பத்து.' எவ்வளவு இழக்கலாம்? 'பாதி வரை.' மொத்தம் ஐம்பத்தெட்டு. கீழே அவளுடைய கையெழுத்து, அவள் போடாத கையெழுத்து. ஒன்பதாவது கேள்வியில் மட்டும் ஓர் எழுத்தும் மாறவில்லை. 'என் தம்பி இருக்கிறான்.' மற்ற பதினொன்றையும் மாற்றியவன் இதை மட்டும் அப்படியே படியெடுத்திருந்தான். ஐந்து மதிப்பெண் ஆயிற்றே, எதற்கு விடுவான்?

அவள் டப்பாவிலிருந்து தன் நகலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். பத்தொன்பது.

யாராவின் கண் கலங்கியது. "அக்கா மனசு மாறிட்டாங்கன்னு சொல்லி, பவர் பத்திரத்தைக் காட்டிப் புதுப் படிவம் கொடுத்தார் டீச்சர். நான் உங்களுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கணும். கேட்கலை."

"அந்த வீட்டை அவனுக்கு எப்படிக் கொடுத்தீங்க?"

யாரா தயங்கினாள். பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டு, காட்டக்கூடாத இன்னொரு கோப்பை எடுத்தாள். மல்லிகைச் சோலைக்கு ஓர் ஆளைப் பிடித்துக்கொடுத்தால், கொண்டுவந்தவருக்குத் தயார் வீட்டில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளுபடி. இன்ஷிராஹ் அங்கே பணம் கட்டிய அதே நாளில் ரஃபத் இங்கே வீடு வாங்கியிருந்தான். அவனும் படிவம் நிரப்பியிருந்தான். விலை விழுந்தால் தூக்கம் போய்விடும். ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்க முடியாது. ஒரு பவுண்டும் இழக்கக்கூடாது. ஊரையே அதட்டுகிற ரஃபத்துக்கு மொத்தம் பதினெட்டு. அவளைவிட ஒன்று குறைவு.

ஒன்பதாவது கேள்விக்கு அவன் எழுதியிருந்தது: 'என் அக்கா இருக்கிறாள்.'

அதைப் படித்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. பள்ளத்தின் பக்கத்தில் நின்றபோதுகூட அவள் பணத்துக்காக அழவில்லை. அவளைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு, தான் விழுந்தால் பிடித்துக்கொள்ள அவளையே நம்பியிருக்கிறான்! யாரா கொடுத்த காகிதக் கைக்குட்டையை எல்லாம் தீர்த்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். "உங்க மேனேஜரைக் கூப்பிடும்மா" என்றாள்.

மேனேஜர் இரண்டு படிவங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பொய்க் கையெழுத்து என்று போலீஸுக்குப் போனால் ரஃபத்துக்குச் சிறை, கம்பெனி பெயரும் நாறும். அவர் குரல் இறங்கியது. இருவரும் சம்மதித்தால் இரண்டு ஒப்பந்தத்தையும் மாற்றிக்கொடுக்கலாம். கட்டின தொகையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மல்லிகைச் சோலையை எடுக்கிறவர் புதிதாகப் படிவம் நிரப்ப வேண்டும், நாற்பத்தைந்துக்கு மேலே வர வேண்டும். விதி விதிதான்.

இன்ஷிராஹ் நேராகப் பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். பவரை ரத்து செய்தாள். காரணம் கேட்பார்கள் என்று பயந்துகொண்டே வரிசையில் நின்றாள்; யாரும் கேட்கவில்லை, முத்திரைக் கட்டணம் மட்டும் கேட்டார்கள்.

மேனேஜர் போலீஸ் பேச்சை எடுத்துக் கூப்பிட்டனுப்பியதில், மூன்றாம் நாள் ரஃபத் கம்பெனி அலுவலகத்துக்கு வந்தான். சவரம் செய்யவில்லை. யாராவின் மேசைக்கு இந்தப் பக்கம் அக்காவும் அந்தப் பக்கம் தம்பியும் உட்கார்ந்தார்கள்.

"பையன் கல்யாணம் நின்னு போயிருக்கும் அக்கா. பொண்ணு வீட்டுல அப்படி நெருக்கினாங்க. நான் என்ன பண்ணுவேன்?"

"பொண்ணு கூடிவந்தது இப்போ. நீ வீடு வாங்கினது ரெண்டரை வருஷத்துக்கு முந்தி. கழித்தல் எனக்குத் தெரியும்டா."

"என்னைக்கா இருந்தாலும் கட்டிக்கொடுப்பான்னு நினைச்சேன். அல்லாஹ் மேல ஆணையா, உனக்கு லாபம்தான் வரும்னு நினைச்சேன்."

"அவ்வளவு லாபம் வரும்னா நீ ஏன் போடலை?"

யாரா கணினியைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

"கல்யாணத்துக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு" என்றான். "வீட்டை எடுத்துட்டா ஹாஸிம் எங்க போவான்? அவன் என்ன பாவம் பண்ணினான்?"

"அவன்கிட்ட நானே பேசிட்டேன். அவனும் அந்தப் பொண்ணும் உன் வீட்டுல இருப்பாங்க. உன் அறை நல்ல பெரிசு, காத்து வரும். நீயும் உன் பொண்டாட்டியும் ஹால்ல படுங்க."

"பொண்ணோட அப்பா என்னைக் கிழிச்சுடுவார்."

"கிழிக்கட்டும். ஷுப்ரா வீட்டுக்காரர் இந்த மாசக் கடைசிக்குள்ள என்னைக் காலி பண்ணச் சொல்லியிருக்கார். அதைக் கேட்டியா ஒருநாளாவது?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு, பழக்கதோஷம், இரண்டு உள்ளங்கையையும் மேசைமேல் விரித்தான். "வா அக்கா, ஃபாத்திஹா ஓதிடலாம். ரெண்டு வருஷத்துல உன் காசை நான் திருப்பித் தரலேன்னா கேளு. இந்தக் காகிதமெல்லாம் நமக்குள்ள எதுக்கு?"

விரித்த கைகள் அப்படியே இருந்தன. இன்ஷிராஹ்வின் கைகள் மடியைவிட்டு எழவில்லை. அந்த வசனங்களை வைத்துத்தானே தன் கண்ணைக் கட்டினான் என்று நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யாராவின் கையிலிருந்து புதுப் படிவத்தை வாங்கி அவன் கைகள்மேல் வைத்தாள். பேனாவையும் வைத்தாள்.

"நிரப்பு. நான் பக்கத்துலயே இருக்கேன்."

அவன் நிரப்பினான். விலை விழுந்தால் இன்னும் வாங்குவேன். பத்து வருடம் காத்திருப்பேன். பாதி வரை இழக்கலாம். ஒவ்வொன்றுக்கும் அவள் முகத்தைப் பார்த்தான், அவள் அடுத்த கேள்வியை விரலால் காட்டினாள். எட்டாவது முடிந்தது. ஒன்பதாவதில் பேனா நின்றது. எல்லாம் போய்விட்டால் உங்களைத் தாங்க யார் இருக்கிறார்கள்?

"அக்கா" என்றான் மெதுவாக. கூப்பிட்டானா, அதையே எழுதட்டுமா என்று கேட்டானா, தெரியவில்லை.

"யாரும் இல்லைன்னு எழுது" என்றாள் இன்ஷிராஹ். "அந்த அஞ்சு மார்க் வேண்டாம். மத்த பதினொன்னுலயே நாப்பத்தஞ்சு தாண்டிடும். நான் கூட்டிப் பார்த்துட்டேன்."